மாணவரிடம் பாடம் கற்ற மருத்துவ மேதை

நுரையீரல் புற்றுநோய் கண்ட ஒருவரின் ஒரு பக்க நுரையீரலை ஒரே ஆபரேஷனில் முழுவதுமாக வெட்டி எடுத்து, அவரைப் பிழைக்க வைத்த முதல் டாக்டர் எவார்ட்ஸ் கிரகாம். அமெரிக்கர். 1933-ம் ஆண்டு அவர் செய்த அந்த ஆபரேஷன் மருத்துவ உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியது.

அந்த நோய்க்குச் சிகரெட்தான் காரணம் என்று ஒரு டாக்டர் சொன்னபோது, அதைக் கேலி செய்தவரும் இதே கிரகாம்தான். பிறகு ஒரு மாணவர் திரட்டிக் கொண்டு வந்த கணக்கைப் பார்த்து, தாம் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, அதை ஊர் அறியச் சொன்னவரும் அவரேதான்.

ஆனால் உண்மை தெரிவதற்குள் அவர் பல பத்தாண்டுகள் சிகரெட் பிடித்து முடித்திருந்தார். கடைசியில் அதே நோய்க்கு அவரே பலியானார்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

கிரகாம் 1883-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை டேவிட் கிரகாம், அந்த நகரில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். மகனும் அந்த வழியிலேயே போனார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், சிகாகோவில் உள்ள ரஷ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1907-ல் டாக்டர் ஆனார்.

டாக்டர் பட்டம் கைக்கு வந்ததும் வாசலில் பலகை மாட்டித் தொழிலைத் தொடங்குவதுதான் அந்தக் கால வழக்கம். கிரகாம் அப்படிச் செய்யவில்லை. படித்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ரசாயனம் தெரிய வேண்டும் என்று எண்ணி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்.

அதே பல்கலைக்கழகத்தில் ரசாயனத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் ஹெலன் டிரெட்வே. 1916-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஹெலன் பிற்காலத்தில் மருந்தியல் பேராசிரியராகப் புகழ் பெற்றார். இந்தத் தம்பதிக்கு இரண்டு மகன்கள்.

கமிஷன் கொடுக்க மறுத்தார்

1915-ல் கிரகாம், அயோவா மாநிலத்தில் உள்ள மேசன் சிட்டி என்ற சிறிய ஊருக்குத் தொழில் செய்யப் போனார். அங்கே அவர் கண்ட ஒரு வழக்கம் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நோயாளியை ஆபரேஷனுக்கு அனுப்பி வைக்கும் டாக்டருக்கு, ஆபரேஷன் செய்யும் டாக்டர் தமது கட்டணத்தில் ஒரு பங்கை ரகசியமாகக் கொடுக்க வேண்டும். நோயாளிக்கு இது தெரியாது. கைராசிக்காரரிடம் போக வேண்டிய நோயாளி, அதிக கமிஷன் தருகிறவரிடம் போய்ச் சேருவார். தேவையே இல்லாத ஆபரேஷன்களும் நடக்கும்.

கிரகாம் கமிஷன் கொடுக்க மறுத்தார். அதனால் அந்த ஊர் டாக்டர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். 2 ஆண்டுகளில் அங்கிருந்து கிளம்பிவிட்டார். ஆனால் அங்கே பட்ட அனுபவம் அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை. மருத்துவத் தொழிலை யார் சுத்தப்படுத்துவது? டாக்டர்கள்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்குள் வேரூன்றியது.

ராணுவ முகாமில் மரணங்கள்

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும், கிரகாம் ராணுவ டாக்டராகச் சேர்ந்தார். அப்போது ராணுவ முகாம்களில் கொடிய நிமோனியா காய்ச்சல் பரவியிருந்தது. போர்முனையைப் பார்ப்பதற்கு முன்பே இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர்.

நிமோனியா வந்தவர்களில் பலருக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியது. சீழ் கட்டினால் உடனே நெஞ்சைக் கீறி வெளியேற்ற வேண்டும் என்பது டாக்டர்கள் படித்த பாடம். அப்படியே செய்தார்கள். ஆனால் கீறியவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்தார்கள். இன்னும் மோசமான முகாம்களும் இருந்தன.

இதை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவில் கிரகாமும் இருந்தார். நாய்களை வைத்துச் சோதனை செய்து, அவர் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். நெஞ்சைக் கீறியதும் வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரலை அமுக்கிவிடுகிறது. ஒரு பக்கம் கீறினாலும் இரண்டு நுரையீரல்களும் மூச்சு வாங்க முடியாமல் திணறுகின்றன. ஏற்கனவே காய்ச்சலில் துவண்டு கிடக்கும் நோயாளி இதைத் தாங்க மாட்டார். அதாவது, பலரை நோயைவிட வைத்தியமே கொன்றுகொண்டிருந்தது!

அவசரப்பட்டுக் கீறக்கூடாது, முதலில் காற்றுப் புகாதபடி ஊசி மூலமாகச் சீழை உறிஞ்சி எடுக்க வேண்டும், காய்ச்சலின் வேகம் தணிந்தபின் பொறுத்துத்தான் கீற வேண்டும் என்று குழு சொன்னது. மரணங்கள் பெரிதும் குறைந்தன. பல காலமாகச் செய்து வந்த வைத்தியம் என்பதற்காக எதையும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்கு, கிரகாம் தம் கையாலேயே ஒரு சாட்சியை உண்டாக்கினார். அப்போது அவருக்கு வயது 35.

பட்டினி கிடந்த நாய்

1919-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், கிரகாமை அறுவை சிகிச்சைத் துறையின் தலைமைப் பேராசிரியராக நியமித்தது. கல்லூரியைச் சேர்ந்த பார்ன்ஸ் ஆஸ்பத்திரியில் அவர் 1951 வரை, 32 ஆண்டுகள் பணியாற்றினார்.

அங்கே அவருடைய பெயரை முதலில் பரப்பியது, பித்தப்பையைப் படம் பிடிக்கும் முறை. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் பித்தப்பை எக்ஸ்ரேயில் தெரியாது. அதில் கோளாறு உள்ளதா என்று பார்க்க வயிற்றைக் கிழிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்தினால், அது கல்லீரல் வழியாகப் பித்தப்பையில் போய்ச் சேர்ந்து, எக்ஸ்ரேயில் நிழலாக விழும் என்று கிரகாம் கணக்குப் போட்டார்.

வாரன் கோல் என்ற இளம் டாக்டர் அவருக்கு உதவியாக நாய்களுக்கு மருந்து செலுத்திப் படம் எடுத்தார். ஒன்றிலும் பித்தப்பை தெரியவில்லை. பல மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் ஒரே ஒரு நாயின் படத்தில் மட்டும் பித்தப்பை பளிச்சென்று தெரிந்தது!

ஏன் இந்த நாயில் மட்டும்? விசாரித்துப் பார்த்தபோது, நாய்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர் அன்று காலை அதற்குச் சாப்பாடு போட மறந்துவிட்டார் என்று தெரிந்தது. சாப்பிட்டதும் பித்தப்பை காலியாகிவிடும். பட்டினியாக இருந்தால்தான் மருந்து அதில் தங்கும். 1924-ல் இந்த முறை வெளியானது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் டாக்டர்கள் இதைப் பயன்படுத்தினார்கள்.

கல்லறைக்கு இடம் வாங்கிய நோயாளி

1933-ம் ஆண்டு, பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஒருவர் கிரகாமைத் தேடி வந்தார். அவரும் ஒரு டாக்டர்தான். பிரசவம் பார்ப்பவர். வயது 48. இடது நுரையீரலில் புற்றுநோய்.

அந்த நாளில் நுரையீரல் புற்றுநோய் என்றால் மரண ஓலைதான். நோய் கண்ட பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று கிரகாம் நினைத்தார். ஆபரேஷனுக்கு முன் ஊருக்குப் போய் வர நோயாளி அனுமதி கேட்டார். போய் வந்தவர், பல் டாக்டரிடம் சென்று சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டு வந்திருந்தார். பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லாதவர் பல்லை அடைப்பாரா? கிரகாமுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. ஆனால் அதே பயணத்தில் அவர் கல்லறைக்கு இடமும் வாங்கி வைத்துவிட்டு வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது!

ஏப்ரல் 5-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. நெஞ்சைத் திறந்து பார்த்தால், நோய் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பரவியிருந்தது. ஒரு பகுதியை மட்டும் வெட்டினால் பயன் இல்லை. இடது நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டும். அப்படி ஒரே ஆபரேஷனில் எடுத்து, புற்றுநோய் கண்ட ஒருவரைப் பிழைக்க வைத்தவர் அதுவரை யாரும் இல்லை.

நோயாளியின் நண்பரான இன்னொரு டாக்டர், ஆபரேஷனைப் பார்க்க உடன் வந்திருந்தார். கிரகாம் நிலைமையை அவரிடம் சொல்லிச் சம்மதம் பெற்றார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிவிட்டு, சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். இதயம் தடுமாறவில்லை. நுரையீரலை வெட்டி எடுத்தார் கிரகாம். காலியான இடத்தில் நெஞ்சுச் சுவர் படிவதற்காகச் சில விலா எலும்புகளையும் எடுத்தார்.

நோயாளி பிழைத்தார். ஊருக்குத் திரும்பி, மறுபடியும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார். ஒரே நுரையீரலுடன் 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பரீட்சை எழுத வேண்டும்

புகழ் உச்சிக்குப் போன பிறகும் கிரகாம் பழைய கவலையை மறக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிய யாரும் கத்தியைக் கையில் எடுக்கலாம். அறுவை சிகிச்சையில் அவருக்குப் பயிற்சி உண்டா என்று கேட்பார் இல்லை.

இதை மாற்ற, 1937-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் தொடங்கப்பட்டது. பட்டம் பெற்ற பிறகும் பல ஆண்டு பயிற்சி பெற்று, பரீட்சை எழுதித் தேறினால்தான் நிபுணர் என்ற சான்றிதழ் கிடைக்கும். இந்த வாரியத்தின் முதல் தலைவர் கிரகாம். நெஞ்சு அறுவை சிகிச்சை பற்றிய மருத்துவப் பத்திரிகைக்கும் 1931 முதல் கடைசி வரை அவரே ஆசிரியராக இருந்தார்.

ஒரு டாக்டரின் படிப்பு கல்லூரியோடு முடிந்துவிடுவதில்லை; தொழிலில் இருக்கும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் மற்றவர்களுக்கு விதித்த விதி. அந்த விதியின்படி அவருக்கே ஒரு சோதனை வந்தது. அதுவும் ஒரு மாணவர் உருவத்தில் வந்தது!

டாக்டர் கையில் சிகரெட்

கிரகாம் சிகரெட் பிரியர். ஒன்றை அணைத்தால் அடுத்ததைப் பற்றவைப்பார். அந்த நாளில் இது ஒரு குறையாகவே கருதப்படவில்லை. டாக்டர்களில் பெரும் பகுதியினர் புகைபிடித்தனர். சிகரெட் விளம்பரங்களில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் சிரித்தபடி நிற்பார். டாக்டர்கள் அதிகம் பிடிப்பது எங்கள் சிகரெட்டைத்தான் என்று 1946-ல் ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையிலேயே சிகரெட் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன.

இன்னொரு பக்கம் நுரையீரல் புற்றுநோய் பெருகிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 1930-ல் இந்த நோயால் இறந்தவர்கள் 3 ஆயிரம் பேருக்கும் குறைவு. 1950-ல் அது 18 ஆயிரம் ஆயிற்று.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் டாக்டர் ஆல்டன் ஆக்ஸ்னர். கிரகாமின் கல்லூரியில் படித்தவர். 1919-ல் மாணவராக இருந்தபோது, நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனையை அவருக்குக் காட்டினார்கள். இப்படி ஒரு நோயை வாழ்நாளில் இன்னொரு முறை பார்க்கக் கிடைக்காது என்று பேராசிரியர் சொன்னார். அவ்வளவு அபூர்வமாக இருந்தது அந்த நோய். அடுத்த நோயாளியை ஆக்ஸ்னர் பார்த்தது 17 ஆண்டு கழித்து, 1936-ல். ஆனால் அதன் பிறகு 6 மாதத்துக்குள் 9 பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஆண்கள். முதல் உலகப்போரின்போது சிகரெட் பழகியவர்கள்.

சிகரெட்தான் காரணம் என்று ஆக்ஸ்னர் சொன்னார். கிரகாம் சிரித்துவிட்டார். சிகரெட் விற்பனை ஏறியது போலத்தான் பெண்கள் அணியும் நைலான் காலுறை விற்பனையும் ஏறியிருக்கிறது. அதுவும் புற்றுநோய்க்குக் காரணமா என்று கேலி செய்தார்.

ஒரு மாணவர் வந்தார்

எர்ன்ஸ்ட் வைண்டர் 1922-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். இட்லர் ஆட்சிக்குத் தப்பி, 1938-ல் குடும்பத்துடன் அமெரிக்கா வந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார்.

1947-ம் ஆண்டு கோடை விடுமுறையில் அவர் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி பெற்றார். அங்கே நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனையைப் பார்த்தார். இறந்தவரின் பழக்கவழக்கம் பற்றிக் குறிப்பில் எதுவும் இல்லை. வைண்டர் அவருடைய மனைவியைச் சந்தித்து விசாரித்தார். கணவர் தினமும் 2 பெட்டி சிகரெட் பிடிப்பார் என்று அந்த அம்மாள் சொன்னார்.

அந்தப் பதில் வைண்டரைத் தூங்க விடவில்லை. செயின்ட் லூயிஸ் திரும்பியதும் கிரகாமின் அறைக்குப் போனார். அவருடைய நோயாளிகளிடம் கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார்.

நாட்டிலேயே பெரிய நெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பக்கம். படிப்பை முடிக்காத 25 வயது மாணவர் மறுபக்கம். மாணவர் நிரூபிக்க நினைப்பதைப் பேராசிரியர் நம்பவில்லை. போதாததற்கு அவரே புகைபிடிப்பவர். வெளியே போ என்று சொல்லியிருந்தால், கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் கிரகாம் அனுமதி கொடுத்தார். கணக்கு எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடப் போகிறது என்பது அவர் எண்ணம். ராணுவ முகாமில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

கணக்கு சொன்ன உண்மை

வைண்டர் கட்டில் கட்டிலாகப் போனார். எந்த வயதில் சிகரெட் பழகினீர்கள், நாளுக்கு எத்தனை, எத்தனை ஆண்டுகளாக, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று ஒரே மாதிரியான கேள்விகளை எல்லோரிடமும் கேட்டார். நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் மட்டும் அல்ல, வேறு நோய்களுக்காகப் படுத்திருந்தவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். இரண்டையும் ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும்? பிறகு வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் கணக்கு எடுக்கப்பட்டது.

மொத்தம் 684 புற்றுநோயாளிகளின் விவரம் சேர்ந்தது. அதன் முடிவு, 1950-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியானது. மாணவர் வைண்டரின் பெயர் முதலிலும், பேராசிரியர் கிரகாமின் பெயர் அடுத்தும் இருந்தன.

முக்கியமான வகைப் புற்றுநோய் கண்ட 605 ஆண்களில், நூற்றுக்கு 96 பேருக்கு மேல் பல ஆண்டுகளாக அதிகம் புகைபிடித்தவர்கள். புகைபிடிக்காதவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. புற்றுநோய் இல்லாத மற்ற ஆண் நோயாளிகளில், புகைபிடிக்காதவர்கள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், லண்டனில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகிய இருவரும் தனியாக எடுத்த கணக்கிலும் இதே முடிவு வந்தது.

கிரகாம் கணக்கைப் பார்த்தார். காலுறைக் கதை இனி எடுபடாது என்பதைப் புரிந்துகொண்டார். 67 வயதில், தாம் கேலி செய்த கருத்தையே தமது பெயருடன் வெளியிட்டார். பல பத்தாண்டுப் பழக்கமான சிகரெட்டையும் விட்டார்.

எலிகளின் முதுகில்

கணக்கு சரி, ஆனால் சிகரெட்டில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் இருப்பதை யார் கண்டது என்று சிலர் கேட்டார்கள். கிரகாம் அதற்கும் பதில் தேடினார்.

சிகரெட்டுகளைப் பற்றவைத்துப் புகையை உறிஞ்சும் ஒரு இயந்திரம் அமைக்கப்பட்டது. புகையில் உள்ள தார் என்ற கரிய பசை சேகரிக்கப்பட்டது. வைண்டர், கிரகாம், ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அடேல் குரோனிங்கர் ஆகியோர் அதை எலிகளின் மயிர் மழித்த முதுகில் வாரம் தவறாமல் தடவி வந்தார்கள். ஒரு ஆண்டுக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தார் தடவிய 81 எலிகளில், நூற்றுக்கு 44 எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. தார் இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் தடவிய எலிகளுக்கு வரவில்லை.

1953 டிசம்பரில் இது வெளியானதும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சிகரெட் கம்பெனிகள் ஆடிப்போயின. அதே மாதம் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடிப் பேசினார்கள். 1954 ஜனவரி 4-ந் தேதி நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. எலிச் சோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றும், தாங்களே ஆராய்ச்சிக்குப் பணம் தரப்போவதாகவும் அதில் சொன்னார்கள். மக்கள் மனதில் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுக் காலம் கடத்துவது அவர்கள் திட்டம். அது பல ஆண்டுகள் பலித்தது.

ஆனால் மருத்துவச் சங்கத்தின் பத்திரிகை 1954 முதல் சிகரெட் விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது.

வேடிக்கையான யோசனை

மனிதர்களிடம் சோதித்துக் காட்டினால்தான் நம்புவோம் என்று சொன்னவர்களுக்கு, 1954-ல் லண்டனில் இருந்து வரும் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் கிரகாம் ஒரு யோசனை சொன்னார்.

சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே முன்வர வேண்டும். அவர்களுடைய மூச்சுக் குழாய்க்குள் தாரைத் தடவ வேண்டும். 20, 25 ஆண்டுகள் இப்படியே செய்ய வேண்டும். ஊர்க்காற்றுதான் காரணம் என்று பிறகு யாரும் சொல்லாமல் இருக்க, அவர்கள் ஒரு மணி நேரம்கூட வெளியே போகாமல் குளிர்சாதன அறையிலேயே இருக்க வேண்டும். முடிவில் ஆபரேஷன் மூலமோ பிரேதப் பரிசோதனை மூலமோ விடையைத் தெரிந்துகொள்ளலாம். இதுதான் அவர் யோசனை. யாரும் முன்வரவில்லை!

சக டாக்டர்கள் பலர் இன்னும் நம்பாதது அவருக்கு வருத்தம் தந்தது. சிகரெட்டை விட முடியாத டாக்டர், சிகரெட் கெடுதல் என்பதை எப்படி ஒப்புக்கொள்வார்? அது அவருக்கு நன்றாகவே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அவரே அப்படித்தான் இருந்தார்.

தமக்கே வந்த நோய்

1957-ம் ஆண்டு தொடக்கத்தில் கிரகாமுக்கு உடல்நலம் குன்றியது. சளிக் காய்ச்சல் என்று நினைத்தார். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் படங்களைப் பார்த்துப் பழகிய அவருக்கு, தம் படத்தில் இருந்ததை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புற்றுநோய்! அதுவும் இரண்டு நுரையீரல்களிலும் பரவியிருந்தது. ஒரு பக்கம் என்றால் வெட்டி எடுக்கலாம். அந்த வைத்தியத்தை உலகுக்குத் தந்தவரே அவர்தான். ஆனால் இரண்டு பக்கமும் என்றால் அவரிடமும் வழி இல்லை.

பிப்ரவரி 14-ந் தேதி, பழைய நண்பர் ஆக்ஸ்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு இரண்டு நுரையீரல்களிலும் புற்றுநோய் இருப்பதைத் தெரிவித்தார். புகைபிடிப்பதை எப்போதோ விட்டுவிட்டாலும், அத்தனை ஆண்டுகள் பிடித்ததால் வர வேண்டிய கேடு வந்துவிட்டது என்று எழுதினார். எந்த நண்பரைக் கேலி செய்தாரோ, அவருக்கே இந்தச் செய்தியை எழுதினார்.

அடுத்த 3 வாரத்துக்குள், மார்ச் 4-ந் தேதி, கிரகாம் காலமானார். 74-வது பிறந்த நாளுக்கு 15 நாட்களே இருந்தன. கல்லறைக்கு இடம் வாங்கி வைத்துவிட்டு அவரிடம் வந்த அந்தப் பிட்ஸ்பர்க் டாக்டர் அப்போதும் உயிரோடு இருந்தார். அவர் 1963-ல்தான் காலமானார். அவரைக் கொண்டு சென்றது புற்றுநோய் அல்ல.

கேள்வி நிற்கவில்லை

1964 ஜனவரி 11-ந் தேதி, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெரி, புகைபிடிப்பதும் உடல்நலமும் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரச் சிகரெட் காரணம் என்று அது அறிவித்தது. கம்பெனிகள் கிளப்பிய சந்தேகத்துக்கு அரசாங்கமே பதில் சொல்லியது.

முதலில் பழக்கத்தை விட்டவர்கள் டாக்டர்கள்தான். 1990-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்க டாக்டர்களில் புகைபிடிப்பவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கிவிட்டனர். டாக்டர் சொல்வதையும் செய்வதையும் மக்கள் கவனித்தார்கள்.

இந்தியாவில் சிகரெட் பெட்டிமீது எச்சரிக்கை அச்சிட 1975-ல் சட்டம் வந்தது. பீடி அதில் சேரவில்லை. 2003-ம் ஆண்டுச் சட்டம்தான் பீடி, புகையிலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை நடைமுறைக்கு வந்தது.

கட்டில் கட்டிலாகச் சென்று வைண்டர் கேட்ட கேள்வி, கடல் கடந்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும், 1990-ம் ஆண்டுகளில் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களின் வீடுகளில் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தனர். இறந்தவருக்குச் சிகரெட், பீடிப் பழக்கம் இருந்ததா என்று கேட்டனர். உயிரோடு இருக்கும் 35 ஆயிரம் ஆண்களிடமும் அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்டனர். புகைபிடித்தவர்கள் காசநோயால் இறப்பது, பிடிக்காதவர்களைவிட 4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கிரகாம் எழுதிய அதே லான்செட் பத்திரிகையில் 2003-ல் இந்த முடிவு வெளியானது. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் நினைத்திருந்த டாக்டர்கள், இன்னொரு பாடத்தையும் படிக்க வேண்டி வந்தது.

கிரகாம் எத்தனையோ டாக்டர்களுக்கு ஆபரேஷன் கற்றுக் கொடுத்தார். ஆனால் அவர் செய்தவற்றில் அதிக உயிர்களைக் காத்தது எந்த ஆபரேஷனும் அல்ல. ஒரு மாணவரை உட்காரவைத்து, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாரே, அதுதான்.